“தொண்ணூறு மில்லிதான் டாக்டர், தள்ளாடியதே இல்லை!”

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கொங்குப் பகுதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். வயது 38, எடை 72 கிலோ. மனைவியும் இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஒரு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நண்பரோடு சேர்ந்து ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி ஆளுக்குப் பாதி. அதாவது ஒரு கட்டிங், 90 மில்லி. சில சனிக்கிழமைகளில் அதற்குப் பதில் ஒரு ஸ்ட்ராங் பீர். “இதற்கு மேல் தொட்டதில்லை, ஒரு நாளும் விழுந்ததில்லை, வாந்தி எடுத்ததில்லை, வீட்டில் கை நீட்டியதில்லை. நடந்தது எல்லாம் மறுநாள் வரிக்கு வரி ஞாபகம் இருக்கும்” என்று எழுதுகிறார்.

ஆனால் கடந்த ஆறு மாதத்தில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. மனைவியின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. மாலை விருந்துக்கு முன்னால் வழக்கமான அளவு போட்டிருக்கிறார். பந்தியில் மச்சான் தோளில் கை போட்டு, “என்ன மாப்பிள்ளை, அடுத்தது உங்க வீடுதானே?” என்று கேட்க, இவர் எல்லோர் முன்னிலையிலும், “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ரெண்டு லட்சத்தைத் திருப்பித் தந்திருந்தா எப்பவோ கட்டியிருப்பேன்” என்று சொல்லிவிட்டார். பந்தி அப்படியே அமைதியாகிவிட்டது. இரண்டாவது, நண்பர் ஃபைனான்ஸில் வாங்கும் நான்கு லட்சத்துக்கு ‘நான் இருக்கேன்டா’ என்று சனிக்கிழமை ராத்திரி வாக்குக் கொடுத்து, திங்கட்கிழமை மானம் போகக் கூடாதே என்று ஷ்யூரிட்டி கையெழுத்துப் போட்டது. மூன்றாவது, மகளை பைக்கில் முன்னால் உட்காரவைத்து அன்றைய விருந்திலிருந்து வீடு திரும்பியது. “ஒன்றும் ஆகவில்லை, மெதுவாகத்தான் வந்தேன். ஆனால் அதிலிருந்துதான் மனைவி என்னோடு பேசுவதில்லை. மகள் மூலம்தான் சேதி வருகிறது.”

மனைவி கடைசியாகச் சொன்னது, “குடிச்சாத்தான் உங்க நிஜ முகம் தெரியுது.” இவருக்கோ வேறொரு குழப்பம். மகளோடு மனம் விட்டுச் சிரித்து விளையாடுவதும் அந்தச் சனிக்கிழமைகளில்தான். ஒரு நாள் காலையில் அவள், “அப்பா, இன்னைக்கு சனிக்கிழமைதானே, நீங்க சிரிப்பீங்கல்ல?” என்று கேட்டிருக்கிறாள். அவர் கேட்பவை இவை: 90 மில்லியில் ஒருவனுக்குப் போதை ஏறுமா? எது உண்மையான நான்? பீருக்கு மாறிவிட்டால் சரியாகுமா? அல்லது மொத்தமாக விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, நடந்ததை மழுப்பாமல் எழுதியிருப்பது. ‘ஃப்ரெண்டு ஊத்திக் கொடுத்தான்’ என்று ஒரு வரி கூட இல்லை. ஆகவே நானும் நேராகவே சொல்கிறேன். நீங்கள் குடிநோயாளி என்று உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘தள்ளாடவில்லை, ஞாபகம் இருக்கிறது, ஆகவே போதை இல்லை’ என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு தவறு. நீங்கள் சொன்ன மூன்று சம்பவங்களுக்கும் வேர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தள்ளாட்டம் கடைசியில்தான் வரும்

மது குடித்த சில நிமிடங்களில் ரத்தத்தில் கலந்து மூளை முழுவதும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் எல்லா வேலைகளும் ஒரே அளவில் பிசகுவதில்லை. ‘இதை இப்போது சொல்லலாமா, யார் இருக்கிறார்கள், நாளைக்கு என்ன ஆகும்’ என்று எடை போடுகிற, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை மிகவும் நுணுக்கமானது. அதனால் குறைந்த அளவிலேயே அது தளர்ந்துவிடும். நடை, பேச்சு எல்லாம் அதைவிட முரட்டுத்தனமான வேலைகள். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போனால்தான் அவை மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கெடும். மூளையை அடக்கிவைக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டுகிறது; உசுப்பிவிடும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது; கூடவே டோபமின் சுரந்து ஒரு உற்சாகம். அந்த முதல் முக்கால் மணி நேரத்து உற்சாகத்தில், ‘நான் தெளிவாக இருக்கிறேன், வழக்கத்தைவிட நன்றாகப் பேசுகிறேன்’ என்றுதான் தோன்றும்.

உங்கள் 90 மில்லியையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியென்றால் 90 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 30 கிராம். உங்கள் எடைக்கு, வெறும் வயிற்றில் சீக்கிரமாகக் குடித்தால், ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 60 மில்லிகிராம் வரை ஏறும். சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் குடித்தால் இன்னும் குறையும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். உங்கள் ‘வெறும் கட்டிங்’ அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் இதைக் குறைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். அதாவது எல்லைக்குக் கீழே வரவே இரண்டு மணி நேரம், முழுதாக வெளியேற நான்கு மணி நேரம்.

ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஏறும், ஏறியிருக்கிறது. நீங்கள் ‘ஸ்டெடி’யாக இருந்தது உண்மைதான், கால் அளவில். முடிவெடுக்கிற இடத்தில் அப்படி இல்லை. இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், ‘நான் சரியாக இருக்கிறேனா’ என்று சோதித்துப் பார்க்க நமக்கு இருப்பதும் அதே மூளைப் பகுதிதான். தராசே கோணலாகிவிட்ட பிறகு அதிலேயே நிறுத்துப் பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்றால் எப்படி? நினைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மறுநாள் ஞாபகமே இல்லை’ என்ற நிலை, வேகமாக, நிறையக் குடிக்கும்போது வருவது. அது வராததால் போதையே இல்லை என்று ஆகாது. விழுந்து கிடக்கிறவனிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை, பிள்ளையை ஏற்றி அனுப்புவதில்லை. லேசான போதையில் இருப்பவனை நம்பி எல்லாம் நடக்கிறது. அதனால்தான் இந்த ‘கொஞ்சம்’ என்பதைப் பற்றி நான் இவ்வளவு எழுதுகிறேன்.

பந்தியில் நடந்தது என்ன?

மச்சான் கேட்ட வார்த்தையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். “அடுத்தது உங்க வீடுதானே?” புதுவீட்டுக்காரர் சொந்தக்காரரைப் பார்த்து ஆசையாகக் கேட்பதும் இப்படித்தான், குத்திக் காட்டுகிறவர் கேட்பதும் இப்படித்தான். எந்த அர்த்தம் என்பதை அவர் முகம், குரல், அன்றைய சூழ்நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். போதையில் இந்தச் சேர்க்கும் வேலைதான் நின்றுபோகிறது. 1990-ல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஒருவிதக் கிட்டப்பார்வை என்று விளக்கினார்கள். கண்ணெதிரே பெரிதாக நிற்பது மட்டும் தெரியும். கொஞ்சம் தள்ளி இருப்பது, நாளைக்கு வரப்போவது மங்கிவிடும். அன்று உங்கள் கண்ணெதிரே நின்றது புதுவீடும் பழைய கடனும். மங்கிப்போனது பந்தியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாரும், பக்கத்தில் நின்ற உங்கள் மனைவியும்.

இன்னொன்றும் உண்டு. பிரான்சில் நடத்தி 2010-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், தற்செயலாகவும் நடந்திருக்கலாம், வேண்டுமென்றும் செய்திருக்கலாம் என்கிற மாதிரியான செயல்களைக் குடித்தவர்களிடம் சொல்லிக் கேட்டார்கள். குடிக்காதவர்களைவிட அவர்கள் ‘வேண்டுமென்றேதான்’ என்று அதிகமாகச் சொன்னார்கள். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் ‘என்னை ஏன் இடிச்சே’ என்று ஆரம்பிக்கிற சண்டைகளில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். சனிக்கிழமை ராத்திரி மனைவி மகளோடு இன்னொரு அறையில் போய்ப் படுத்துக்கொள்வதை ‘என்னை அவமானப்படுத்தத்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். அந்த வாடை பிடிக்காமல் இருக்கலாம். நீங்கள் இன்று எந்த மனநிலையில் இருக்கிறீர்கள் என்று தெரியாத தயக்கமாக இருக்கலாம். எதுவானாலும் அந்த நேரத்தில் நெருங்கி வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

“நிஜ முகம்” என்று ஒன்று இருக்கிறதா?

குடித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்பது நம் ஊரில் பலரும் நம்புவது. உங்கள் மனைவி சொன்னதும் அதைத்தான். இதில் ஒரு பங்கு சரி, பெரும்பங்கு தவறு.

சரியான பங்கு எது? மது உள்ளே இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கிவிடாது. அந்த இரண்டு லட்சம் உங்கள் மனதில் ஐந்து வருடமாக இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அதே மனதில், மச்சான் மீது மரியாதையும் இருந்தது. மனைவி தலைகுனியக் கூடாது என்ற அக்கறையும் இருந்தது. ‘நல்ல நாளில் பேச வேண்டாம்’ என்ற பக்குவமும் இருந்தது. ஐந்து வருடம் வாயைக் கட்டிவைத்தது அவைதான். போதையில் ஆத்திரம் மட்டும் வெளியே வந்தது, மற்றவை வாய் திறக்கவில்லை. இப்படி மூன்றை விலக்கிவிட்டு மிஞ்சிய ஒன்றை ‘நிஜ முகம்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? நினைப்பதை அடக்கிக்கொள்வது வேஷம் இல்லை. அதுவும் மனிதனின் குணம்தான், பெரும்பாலும் அவனுடைய நல்ல குணம்.

அதற்காக ‘நான் இல்லை, சரக்குதான் பேசியது’ என்றும் சொல்லிவிடாதீர்கள். 1970களில் ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் சில சோதனைகள் செய்தார்கள். வோட்கா கலந்த டானிக் (மருந்து இல்லை, ஒருவகைக் கசப்புச் சோடா) என்று சொல்லி வெறும் டானிக்கைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு வோட்கா கலந்ததையே வெறும் டானிக் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தான் குடித்தது வோட்கா என்று நம்பியவர்கள்தான், உண்மையில் குடித்தது எதுவானாலும், கூடுதலாகக் குடித்தார்கள், கூடுதலாக முரட்டுத்தனம் காட்டினார்கள். ‘குடித்திருக்கிறேன்’ என்ற நினைப்பே ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி வேலை செய்கிறது. நம் ஊரிலும் ‘அவன் குடிச்சிருக்கான், விடுங்க’ என்று சுற்றியிருப்பவர்கள் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். சட்டம் போடுவதில்லை. தானாக விரும்பிக் குடித்தவர் ‘போதையில் செய்தேன்’ என்பதைச் சொல்லி முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் தப்ப முடியாது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவிலும் முடியாது.

இனி மகள் விஷயம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அவள் கேட்ட கேள்வியைத்தான். சனிக்கிழமை அப்பா நல்ல அப்பா என்று நீங்கள் சந்தோஷப்படலாம். ஆனால் ஏழு வயதுக் குழந்தை, அப்பாவின் சிரிப்புக்கு ஒரு கிழமை இருக்கிறது என்று கண்டுபிடித்துவைத்திருக்கிறாள். அப்புறம் அந்தச் சிரிப்புக்கு ஒரு வாடை உண்டு என்றும் தெரிந்துகொள்வாள், இப்போதே தெரிந்திருக்கும். அதே சனிக்கிழமை அப்பா பந்தியில் வேறு மாதிரி பேசியதையும் பார்த்தாள். எந்த அப்பா வரப்போகிறார் என்று முகத்தைப் பார்த்துக் கணிக்கும் வேலையை ஒரு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

சந்தோஷமான செய்தி, விளையாடும் அந்த அப்பாவும் சரக்கு செய்த ஆள் இல்லை. 2017-ல் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடித்தவர்களின் குணமாற்றத்தை வெளியாட்களை வைத்து மதிப்பிட்டுப் பார்த்தார்கள். குடித்தவர்கள் ‘நானே வேறு ஆளாகிவிட்டேன்’ என்று பலவிதமாகச் சொன்னார்கள். பார்த்தவர்கள் கண்ணுக்கோ உறுதியாகத் தெரிந்த மாற்றம், கூச்சம் விட்டுக் கலகலப்பாகப் பழகுவது ஒன்றுதான். சனிக்கிழமை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: போனை டிவி மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவளோடு பல்லாங்குழி ஆடுகிறீர்கள். மற்ற நாளில் போனோடு கட்டிலில் சாய்கிறீர்கள். போனைத் தூர வைப்பதற்கும் தரையில் உட்காருவதற்கும் பிராந்தி தேவையில்லை. முதல் சில நாள் செயற்கையாக இருக்கும், பட்டறை அலுப்பு விடாது. பரவாயில்லை, ஒரு செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிடம் உட்காருங்கள்.

பைக்

இதில் மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். ‘மெதுவாகத்தான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது வாதமே இல்லை. குறுக்கே நாய் ஓடும்போது பிரேக் பிடிக்க எடுக்கும் அந்தக் கணம் நீள்வது 60 மில்லிகிராமிலேயே ஆரம்பித்துவிடும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, ரத்தத்தில் அளவு இறங்க ஆரம்பித்ததும், ‘இப்போ தெளிஞ்சிட்டேன்’ என்று தோன்றும். தோன்றுவது சீக்கிரம், உண்மையில் தெளிவது தாமதம். எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேயர் 1919-லேயே, ஒரே அளவு மது ரத்தத்தில் இருக்கும்போதும் ஏறுகிற நேரத்தைவிட இறங்குகிற நேரத்தில் போதை குறைவாகத் தெரிவதைக் கண்டு எழுதினார். விருந்து முடிந்து ‘சரி, கிளம்பலாம்’ என்று எல்லோரும் வண்டியை எடுப்பது சரியாக அந்த நேரத்தில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு பைக்குக்கும் பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய், சிறை இரண்டு ஆண்டு வரை. விபத்து நடந்து ரத்தத்தில் மது இருந்தது தெரிந்தால் உங்கள் வண்டிக்கான இன்ஷூரன்ஸை மறுக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் உங்கள் மனைவி மூன்று வாரமாகப் பேசாமல் இருப்பது அபராதத்துக்குப் பயந்து இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்தது அவர் பெற்ற பிள்ளை. அவருடைய கோபம் எனக்கு முழுதாகப் புரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் ‘ஆனால்’ சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள்.

ஷ்யூரிட்டி கையெழுத்து

‘போதையில் கொடுத்த வாக்கு, அது செல்லாது என்று சொல்லலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் மனநலம் சம்பந்தப்பட்ட பகுதி என்பதால் இவ்வளவு தெரியும். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, ஒப்பந்தத்தின் விவரமே புரியாத அளவுக்குக் குடித்திருப்பவர் அந்த நிலையில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறது. உங்கள் நிலை அது இல்லை. லேசான போதைக்கு அந்தப் பிரிவு கைகொடுக்காது. அதோடு வாக்குக் கொடுத்தது சனிக்கிழமை, கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை, தெளிவாக. பொதுவாக ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். நண்பர் கட்டாவிட்டால் ஃபைனான்ஸ்காரர் நேராக உங்களிடமே வரலாம். பத்திரத்தின் நகல் ஒன்றை வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நண்பர் மாதாமாதம் கட்டுகிறாரா என்று ரசீதைக் கேட்டுப் பாருங்கள். இதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபைனான்ஸ்காரர் போன் செய்து அவர் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியது

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது முக்கியம். மாத்திரைச் சீட்டில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்திருக்கிறது. கிளிமிபிரைடு உடலில் இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையை இறக்கும். ஆல்கஹாலோ கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்துக்கு அனுப்புவதைத் தடுக்கும். மதியம் சரியாகச் சாப்பிடாமல், ஷிஃப்ட் முடிந்து, வெறும் வயிற்றில் மிக்சரோடு கட்டிங் போட்டால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கிவிடலாம். குடித்துப் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்திலும் இது நடக்கலாம்.

சர்க்கரை இறங்கினால் வரும் அறிகுறிகள்: வியர்வை, கை நடுக்கம், எரிச்சல், பேச்சில் குழப்பம், தள்ளாட்டம். அப்படியே போதை மாதிரி இருக்கும். வாயில் வாடையும் இருந்தால், ‘குடிச்சிருக்கார், தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். அது உயிருக்கே ஆபத்து. ‘சில சனிக்கிழமைகளில் மட்டும் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், உடம்பு வேர்க்கிறது’ என்று எழுதியிருப்பது இதுவாகவும் இருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்தில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. இதை உங்கள் மனைவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘இன்றைக்குக் குடிக்கிறோமே’ என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பீர், மோர், எலுமிச்சை

பீருக்கு மாறுவதில் எந்த லாபமும் இல்லை. 8 சதவீதம் உள்ள ஒரு ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். உங்கள் கட்டிங்கைவிட அதிகம். 5 சதவீத பீர் என்றாலும் 25 கிராமுக்கு மேல் வரும். மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, தலைக்குக் குளிப்பது எதுவும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டாது. காப்பி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். தூக்கம் கலைந்த போதைக்காரர் இன்னும் தைரியமாக வண்டி எடுப்பார்.

விட்டுவிட வேண்டுமா?

முதலில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதகமில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘இதயத்துக்கு நல்லது, கொஞ்சம் சாப்பிடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தக் காரணத்தை மறந்துவிடுங்கள்.

அதே நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. எந்த மனநல மருத்துவரிடமும் கிடைக்கும். 8 மதிப்பெண் வந்தால் குடி ஆபத்தான வழியில் போகிறது என்று பொருள். வீட்டில் ஒருவர் கடந்த ஒரு வருடத்தில் உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் அந்த ஒரு கேள்விக்கே 4. ‘வாரம் ஒரு நாள்தானே’ என்கிறவர்களும் எட்டைத் தொடுவதுண்டு. நேர்மையாகப் போட்டுப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மூன்று மாதம் மொத்தமாக நிறுத்திப் பாருங்கள் என்பேன். சர்க்கரை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீட்டில் போன நம்பிக்கை ‘இனி அளவாகக் குடிக்கிறேன்’ என்ற பேச்சில் திரும்பி வராது. நீங்கள் ஏற்கெனவே அளவாகத்தான் குடித்துக்கொண்டிருந்தீர்கள். வாரம் ஒரு முறை என்பதால் திடீரென்று நிறுத்துவதில் உங்களுக்கு உடல்ரீதியான ஆபத்து இல்லை. தினமும் குடிக்கிறவர்கள், காலையில் கை நடுங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மூன்று மாதத்தில் சனிக்கிழமை மாலை ரொம்பவும் தவிப்பாக இருந்தால், அல்லது ஒன்றிரண்டு முறை உடைத்துவிட்டால், அதுவே ஒரு தகவல். அப்போது ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மது, போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம்.

நிறுத்த மாட்டேன், குறைத்துக்கொள்கிறேன் என்றே முடிவு செய்தால், முடிவுகளை முதல் டம்ளருக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் எடுப்பது எதுவும் உங்கள் முடிவு இல்லை. வண்டிச் சாவி அன்று வீட்டிலேயே இருக்கட்டும், பஸ்ஸில் போங்கள். சொந்தக்காரர் விசேஷத்துக்கு முன்னால் ஒரு சொட்டும் வேண்டாம். பணம், ஜாமீன், வாக்கு எதைக் கேட்டாலும், “வீட்ல கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை டிபனுக்கு அப்புறம் சொல்றேன்” என்ற ஒரே பதில். இதை உங்கள் நண்பரிடம் இப்போதே, தெளிவாக இருக்கும்போது சொல்லிவையுங்கள். நல்ல நண்பர் என்றால் சனிக்கிழமை ராத்திரி கேட்க மாட்டார்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கும் இரண்டு வார்த்தை. தங்கச்சி, போதை இருக்கும் நேரத்தில் அவரோடு நியாயம் பேச வேண்டாம். காலையில் பேசினால் போதும், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குடியை மறக்கடிக்கும் பொடி என்று சோற்றில் கலக்க யாராவது ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் மதுவோடு சேர்ந்தால் உடலுக்கு ஒவ்வாத டைசல்பிராம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம். குழந்தையை அந்த வண்டியில் ஏற்ற மறுப்பது உங்கள் உரிமை, யார் முன்னிலையிலும் மறுக்கலாம். இதுவரை கை நீட்டியதில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அது எப்போதாவது மாறினால், குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக மச்சான். ‘போன் செய்து பேசட்டுமா, இல்லை பெரியவர்கள் மூலம் போகட்டுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் போங்கள், பகலில், மனைவிக்குச் சம்மதம் என்றால் அவரையும் அழைத்துக்கொண்டு. “அன்னைக்குக் குடிச்சிருந்தேன் மச்சான், உளறிட்டேன்” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். “உங்க வீட்டு விசேஷத்துல, அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினது தப்பு” என்று சொன்னால் போதும். பந்தியில் உங்கள் பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பெரியவர்களிடமும் இதையே சொல்லுங்கள், ஏனென்றால் அவமானம் அவர்கள் முன்னால்தான் நடந்தது. அந்த இரண்டு லட்சம் நியாயமான பணம். அதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்கும் அன்று கேட்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து, தனியாக, எந்த மாதத்தில் எவ்வளவு தர முடியும் என்று உட்கார்ந்து பேசுங்கள்.